திரும்புகிறவர் பெயர்

தீவு விடுதியின் முன்பதிவுப் படிவத்தில், போகிறவர்கள் என்ற கட்டத்தில் இரண்டு என்று இருந்தது. அதற்குக் கீழே, திரும்புகிறவர்கள் என்ற கட்டத்தில் ஒன்று என்று இருந்தது.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் பதினேழு வருடமாக நஷ்ட ஈட்டுப் படிவங்களைச் சரிபார்க்கிறவள் அவள். தப்பான கட்டமும் விட்டுப்போன கட்டமும்தான் அவளுக்குச் சோறு போடுகின்றன. ஒன்றை அழித்து இரண்டு என்று மாற்றிச் சேமித்தாள். பக்கம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியபோது மறுபடி ஒன்று என்று இருந்தது. இன்னொரு தடவை மாற்றினாள். மறுபடியும் ஒன்று. மூன்றாம் தடவை மாற்றிவிட்டு, மடிக்கணினியின் மேலிருந்து கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்க்கப் பார்க்க அந்த இரண்டு மெல்ல வெளிறி, மறைந்து, அதே இடத்தில் ஒன்று கருப்பாக ஊறி மேலே வந்தது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

மாஸ்டர் வரவில்லை. சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சியில் ஏதோ கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர் என்பதால் ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும்; அவளும் மனதுக்குள் அப்படித்தான் கூப்பிடுவாள். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்துப் பழகிய வலது கால், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் சும்மா இருக்காது. தொலைக்காட்சியில் ஒரு கார் வளைவில் வேகமாகத் திரும்பியதும் அந்தக் கால் தரையை அழுத்தியது.

"திரும்பறவங்க ஒருத்தர்னு காட்டுதுங்க. மாத்தினா மாற மாட்டேங்குது."

"உன்ன அங்கயே விட்டுட்டு வரச் சொல்லுது போல, ஆபீசர்." சிரித்தார். "பதினோரு நாளா நோட்டும் கையுமா இருந்து செலக்ட் பண்ண இடம். கட்டத்துல ஒரு நம்பர் தப்பா இருந்தா என்ன இப்ப? எங்க போனாலும் அதே உப்புத்தண்ணிதானே?"

நோட்டு நிஜம்தான். கோடு போட்ட நோட்டில் ஒன்பது தீவு விடுதிகளை எழுதி வைத்திருந்தாள். அறைக்கும் கடலுக்கும் எத்தனை அடி, மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்தியா, படகுச் சவாரி சேர்த்தியா, கொசு உண்டா, படுக்கை ஒன்றா இரண்டா. எந்த விடுதியானாலும் திட்டி எழுதிய விமர்சனங்களைத்தான் அவள் முதலில் படிப்பாள். எட்டு விடுதிகளில் கரப்பான்பூச்சி இருந்தது, ஏசி ஒழுகியது, மேலாளர் மரியாதை இல்லாமல் பேசினார். ஒன்பதாவதில் ஒன்றுமே இல்லை. எல்லாமே ஐந்து நட்சத்திரம். கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் போதும், மீதி எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் எழுதியிருந்தார்கள். ஒரு குறைகூட இல்லாத இடம் உலகத்தில் இருக்குமா என்று அவளுக்குள் இருந்த சரிபார்க்கிறவள் கேட்கத்தான் செய்தாள். பதினோரு நாள் அலுப்பு அந்த வாயை அடைத்துவிட்டது.

அலுப்பு மட்டுமல்ல, ஆசையும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை மாஸ்டர் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். நாற்பது நாள் கழித்து, கடைக்குப் போய்விட்டு வந்தவர்போல் ஒரு பை காய்கறியோடு வந்து நின்றார். ஏன் போனார் என்று அவர் சொல்லவில்லை. ஏன் வந்தார் என்று அவள் கேட்கவில்லை. ஆயிரம் பேரின் படிவங்களைத் திருப்பி அனுப்பியவள், தன் வீட்டில் மட்டும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவைத்திருந்தாள். அந்தத் தீவில் ஒரு வாரம் இருந்தால் அதைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

திங்களன்று அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரியிடம் இதைச் சொன்னாள்.

"ரெண்டு பேரா போய் ஒருத்தரா வர்ற பேக்கேஜா?" பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். "எங்கக்கா கிடைச்சுது? எனக்கும் ஒன்னு போடுங்க. எங்க வீட்டு மனுஷனை நல்லா காத்தோட்டமா ஒரு இடத்துல விட்டுட்டு வந்துடறேன்."

அவளும் சேர்ந்து சிரித்தாள். சாப்பாட்டு இடைவேளையில், எல்லோரும் எழுந்து போனபின், விமர்சனங்களோடு இருந்த படங்களை முதன்முறையாகப் பொறுமையாகப் பார்த்தாள். எல்லோருமே ஒரே மரப்பாலத்தில் நின்று படம் எடுத்திருந்தார்கள். வந்து இறங்கிய நாள், படகுக்கு முன்னால், தொப்பியும் கண்ணாடியுமாக இரண்டு பேர். கிளம்புகிற நாள், அதே பாலம், அதே படகு. ஒருவர்.

மற்றவர் படம் எடுத்திருப்பார் என்று சொல்லிக்கொண்டாள். அடுத்த படத்தைத் திறந்தாள். வந்தபோது வயதான தம்பதி. போகும்போது அந்த அம்மாள் மட்டும். அடுத்தது, வந்தபோது புதுமணத் தம்பதி. போகும்போது அந்தப் பையன் மட்டும். முப்பத்திரண்டு விமர்சனங்களையும் பார்த்து முடித்தாள். கடைசிப் படங்களில் நின்றவர்கள் எல்லோரும் நன்றாக வெயில்பட்டுச் சிவந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு பெட்டி வைத்திருந்தார்கள்.

அன்று மாலையே ரத்து செய்யப் பார்த்தாள். ரத்து என்று ஒரு பொத்தானே அந்தப் பக்கத்தில் இல்லை.

புதன்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது கதவைத் திறந்த மாஸ்டரின் கையில் பட்டை இருந்தது. கூரியரில் சின்னப் பெட்டி வந்ததாம், அதற்குள் இரண்டு பட்டைகள், மாட்டிப் பார்த்தாராம். வெளிர்நீலம், துணியும் இல்லாத ரப்பரும் இல்லாத ஒரு வழவழப்பு. வேண்டாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் அவள் மணிக்கட்டைப் பிடித்து, வளையல் போடுகிற விளையாட்டோடு, மற்றதையும் மாட்டிவிட்டார். பட்டை ஒருமுறை சில்லென்றது. பிறகு தோலின் சூட்டுக்கு வந்துவிட்டது.

"கழட்டுங்க."

"இப்பத்தானே மாட்டினேன்?"

"கழட்டுங்கன்னு சொல்றேன்ல."

கழற்ற வரவில்லை. கொக்கி எங்கே என்று தேடினார்கள், கொக்கியே இல்லை. எண்ணெய் தடவினார்கள். கத்தரிக்கோலை வைத்தார்கள். மறுநாள் காலை மாஸ்டர், தன் பயிற்சிக் காரைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் போய்விட்டு வந்தார். "இரும்பு அறுக்கிற பிளேடு வச்சுப் பார்த்தான். அதோட பல்லுதான் போச்சு," என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததை அவள் பார்த்தாள்.

போன் அன்று மாலை வந்தது. அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கடைசி வகுப்பு முடிந்து இன்னும் வரவில்லை. எடுத்ததும் முதலில் கேட்டது அலைச் சத்தம்தான், மிக அருகில், காதுக்குள்ளேயே மணலை அள்ளி இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. பிறகு ஒரு பெண்ணின் குரல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல அத்தனை கனிவாக.

"விடுதியிலிருந்து பேசறேன் மேடம். படிவத்துல திரும்புகிறவர் பெயர்னு ஒரு கட்டம் திறந்திருக்கும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பேரு போட்டுடுங்க. உங்களுக்கு ஒரு கட்டம், சாருக்கு ஒரு கட்டம். அவர் போடறது உங்களுக்குத் தெரியாது, நீங்க போடறது அவருக்குத் தெரியாது."

"ரெண்டு பேரும்தான் திரும்பி வருவோம்."

"ஒரு பேருதான் மேடம் பிடிக்கும்."

"எங்களுக்கு இந்தப் பயணமே வேண்டாம். ரத்து பண்ணிடுங்க."

"பட்டை போட்டாச்சே மேடம்." அந்தக் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நீங்க வரலைன்னாலும் நாங்க வந்துடுவோம்."

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக் கை போகவில்லை. "திரும்பாதவங்க என்ன ஆவாங்க?" என்று கேட்டாள்.

"தங்குவாங்க மேடம்."

"கட்டத்தைக் காலியா விட்டா?"

"ரெண்டு பேருமே காலியா விட்டா எல்லாம் அப்படியே விழுந்துடும். பட்டையும் கழண்டுடும். ஒருத்தர் மட்டும் போட்டா அந்தப் பேருதான். ரெண்டு பேரும் போட்டா நாங்க பார்த்துக்குவோம். எல்லாமே நாங்க பார்த்துக்குவோம் மேடம், நீங்க ஒன்னுக்கும் கவலைப்படாதீங்க."

"இதுக்கு முன்னாடி யாராவது ரெண்டு பேரும் காலியா விட்டிருக்காங்களா?"

ஒரு அலை வந்தது. போனது. இன்னொன்று வந்தது.

"இதுவரைக்கும் இல்ல மேடம்."

வைத்துவிட்டு அவள் குழாயை மூடினாள். தண்ணீர் நின்றது. சத்தம் நிற்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் துவாரத்துக்குள், குழாய்களின் அடியில், நான்கு மாடிக்குக் கீழே எங்கோ அது வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்து படுக்கையறைக் கதவைத் திறந்தபோது, வெயிலுக்குப் பூசிக்கொள்கிற களிம்பின் இனிப்பு வாசனையும் ஊறிய கயிற்றின் வாசனையும் ஒன்றாகக் கலந்து முகத்தில் அடித்தன. கட்டில் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகப்பட்டிருந்தது. அதன் மேல் அவர்களுடைய இரண்டு குளியல் துண்டுகள், அன்னப்பறவைகளாக மடிக்கப்பட்டு, கழுத்தோடு கழுத்து ஒட்டி உட்கார்ந்திருந்தன. மாஸ்டருக்கு ஒரு கைக்குட்டையை ஒழுங்காக மடிக்கத் தெரியாது. அவள் துண்டுகளை உதறினாள். உள்ளிருந்து மணல் கொட்டியது, வெள்ளையாக, நைசாக, இன்னும் வெதுவெதுப்பாக.

சனிக்கிழமை காலை எழுந்தபோது துண்டுகள் கூடத்து மேஜையில் மறுபடி பறவைகளாக இருந்தன. ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மற்றது சொட்டச் சொட்ட நனைந்து, கழுத்து மடங்கி, மேஜை விளிம்பிலிருந்து தலைகீழாகத் தொங்கியது.

"போலீசுக்குப் போலாங்க," என்றாள்.

"போய்? டவலை மடிச்சு வச்சுட்டாங்கன்னு கம்ப்ளெயின்ட் குடுப்பியா?" மாஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். "எனக்கும் போன் வந்துச்சு. வியாழக்கிழமை. வகுப்பு நடுவுல. உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவியேன்னு சொல்லல."

வியாழக்கிழமை அவளுக்கும்தான் வந்தது. அவளும்தான் சொல்லவில்லை. இரண்டு நாளாக ஒரே கட்டிலில் படுத்து, ஒருவருக்கொருவர் தெரியாமல், அதே அலையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நான் காலியாத்தான் விடப்போறேன்," என்றார். "நீயும் விட்டுடு. அவ்வளவுதான் விஷயம். ரொம்ப சுலபம். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குப் பட்டை கழண்டு விழுந்துடும், அப்புறம் நாம வேற எங்கயும் போக வேணாம், மொட்டை மாடியில பாயப் போட்டுப் படுத்துக்குவோம்."

"சத்தியமா விடுவீங்களா?"

"என் கால் பிரேக்ல இருக்கு. பயப்படாத."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் அவர். புதிதாக ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள் எல்லோரிடமும் அவர் சொல்கிற வாக்கியம் அது. எதிரே லாரி வரும்போது, மேம்பாலத்தில் ஏறும்போது, நடுங்குகிற கைகளைப் பார்த்து அவர் சொல்வார்: பயப்படாதீங்க, என் கால் பிரேக்ல இருக்கு. கல்யாணமான புதிதில் அவளிடம் அந்தத் தொழில் ரகசியத்தை உடைத்தவரும் அவர்தான். பத்தாவது வகுப்புக்கு மேல் காலை எடுத்துவிட வேண்டுமாம். எடுத்ததைச் சொல்லக்கூடாதாம். கால் இருக்கிறது என்று நம்பினால்தான் ஓட்டுவார்களாம். "நெஜமா இருக்கா இல்லையான்னு அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது," என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார் அன்றைக்கு. அவளும்தான் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. வெளியே நல்ல வெயில். எதிர்க் கட்டடத்து மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நான்கு மணிக்கே இருவரும் கூடத்து மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். போன்களை நடுவில் வைத்தார்கள். கைகளை மேஜை மேல் வைத்துக்கொண்டார்கள். அது அவளுடைய யோசனை. ஆறு மணிவரை இப்படியே உட்கார்ந்திருந்தால் முடிந்தது.

போன்களை அணைத்துத்தான் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் தானாக விழித்துக்கொண்டன. இரண்டு திரையிலும் அதே வெள்ளைப் பக்கம். திரும்புகிறவர் பெயர். அதற்குக் கீழே ஒரு காலிக் கட்டம். அதற்குள் ஒரு சின்னக் கோடு, வருவதும் மறைவதுமாக.

சுவர்களுக்குள் அலை இரைந்தது. முதலில் கழுவுதொட்டியில், பிறகு குளியலறையில், பிறகு தரைக்கு அடியில். நாலரைக்கெல்லாம் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. மாஸ்டர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். நாற்பது என்ற சொல் மட்டும் அவர் உதட்டில் தெரிந்தது. அவள் தலையை ஆட்டினாள். இப்போது வேண்டாம், எதுவும் வேண்டாம், கையை மட்டும் எடுக்காதீர்கள். அவர் வலது கால் மேஜைக்கு அடியில் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு அவர் எழுந்தார்.

நெஞ்சைத் தடவிக்காட்டி, காற்று வேண்டும் என்று சைகை செய்தார். பால்கனிக் கதவைத் திறந்து வெளியே போனார். பின்னால் இழுத்துச் சாத்தினார். போகும்போது தன் போனை எடுத்துக்கொண்டு போனார்.

கண்ணாடிக் கதவு வழியாக அவரைப் பார்த்தாள். பிரம்பு நாற்காலியில், முக்கால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தலை குனிந்தது. தோள் அசைந்தது. கட்டைவிரல் எழுதிக்கொண்டிருந்தது.

ஒரு பெயர் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

எழுந்து போய்த் தட்டலாம். கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். கால் பிரேக்கில் இருக்கிறது என்பார்.

ஐந்து ஐம்பத்து மூன்று. அவர் அழித்தார். மறுபடி எழுதினார்.

நாற்பது நாள். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனவர். ஒருமுறை போகத் தெரிந்தவருக்கு இன்னொருமுறை போக எவ்வளவு நேரமாகும்? அந்தப் படங்களில் ஒன்றாக அவரைப் பார்த்தாள், மரப்பாலத்தில், வெயில்பட்டு, இரண்டு பெட்டியோடு, பல் தெரிய. அவருடைய பெயரையே போட்டுவிடலாம், போகட்டும், நன்றாக இருக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பு ஒரு கணம்தான் நின்றது. அவளுக்கு உயிரோடு இருக்க வேண்டும் என்று இருந்தது. வெட்கமே இல்லாமல் இருந்தது.

ஐந்து ஐம்பத்தேழு. கட்டம் காலி. கோடு வந்தது. மறைந்தது. பதினேழு வருடமாகக் காலிக் கட்டத்தைக் கண்டால் சிவப்பு மையில் வட்டம் போட்டவள். பொருந்தாது என்றால் பொருந்தாது என்றாவது எழுதுங்கள், செத்தவருக்கும் ஒரு கோடாவது போடுங்கள் என்று கத்தியவள். கோடு வந்தது. மறைந்தது. விரல் அரித்தது.

ஐந்து ஐம்பத்தொன்பது. அவர் முதுகு நிமிர்ந்தது. எழுதி முடித்துவிட்டார்.

அவள் தன் பெயரைப் போட்டாள்.

சத்தம் நின்றது.

வீடு முழுக்க ஒரே அமைதி. திரையில் கட்டம் இரண்டாகப் பிரிந்தது. இடதுபக்கம் அவள் பெயர். வலதுபக்கம் ஒன்றுமில்லை. வெள்ளை. சுத்தமான வெள்ளை. ஒரு புள்ளிகூட இல்லை.

போன் அவள் கையில் ஒருமுறை அதிர்ந்தது. அவரிடமிருந்து குறுஞ்செய்தி.

அந்த நாப்பது நாள் ஏன் போனேன் ஏன் வந்தேன்னு உனக்குச் சொல்லணும். நேர்ல வாய் வரல. எழுதவும் வரல. ஆறு அடிச்சதும் உள்ள வந்து முழுசா சொல்லிடறேன். கட்டத்த தொடாம இரு. கால் பிரேக்லதான் இருக்கு. இந்தத் தடவை நெஜமா.

அவள் மணிக்கட்டிலிருந்து பட்டை நழுவி மேஜையில் விழுந்தது.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி வழியாக மேஜையைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டார். அதில் பட்டை இருந்தது. கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. "எழுதிட்டியா?" என்று அவர் உதடு கேட்டது. பிறகு, "சரி, பரவால்ல," என்றது.

ஓடினாள். கதவு திறக்கவில்லை. அந்தத் தாழ்ப்பாள் எப்போதுமே மக்கர்தான். ஒரு தினுசாகத் தூக்கி இழுக்க வேண்டும், அது அவருக்குத்தான் வரும். இழுத்தாள். தூக்கினாள். நாற்காலியை எடுத்து அடித்தாள். கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை.

வெளியே அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் அடியில் சிமென்ட் தரை கறுத்தது. நனைந்தது. தண்ணீர் வந்தது, தெளிவாக, பச்சையாக, விளம்பரப் படத்தில் வருகிற அதே நிறத்தில். அவர் கணுக்காலைத் தொட்டது. கம்பிகளுக்கு இடையில் அது வெளியே வழியவில்லை. வெளி என்று ஒன்று இல்லை. எதிர்க் கட்டடம் இருந்த இடத்தில் கடல் நின்றது. அதில் இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்கள், வரிசையாக, கையில் நீலப்பட்டையோடு, முகம் எல்லாம் இந்தப் பக்கம் பார்த்து. அந்தப் புதுமணப் பெண். அந்த வயதான மனிதர். காத்திருந்தார்கள்.

முழங்கால். இடுப்பு. அவர் எழுந்திருக்கவில்லை. எழ முடியவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்பு.

வாய்.

கண்கள் கடைசிவரை மூடவில்லை. தண்ணீர் அவருக்கு மேலே போய், கண்ணாடியின் உச்சியைத் தொட்டு நின்றது. முடி அசைந்தது. கை அசைந்தது. கால் மட்டும் அலைக்கு அசையவில்லை. அந்த வலது கால் தரையை அழுத்தியது. விட்டது. அழுத்தியது. இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி, முழுப் பலத்தோடு.

எத்தனை நேரம் அங்கே விழுந்து கிடந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. தலையைத் தூக்கியபோது காலை வெயில் கூடத்தில் கிடந்தது. பால்கனி உலர்ந்திருந்தது. எதிர்க் கட்டடத்தில் நேற்றுக் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கைகள் சிவந்து, தோல் உரிந்து, வெயிலில் ஒரு வாரம் கிடந்தவளின் கைகளாக இருந்தன. வாசற்கதவுக்கு உள்ளே இரண்டு பெட்டிகள் நின்றன. ஒன்று அவளுடையது. மற்றதன் கைப்பிடியில் டிரைவிங் ஸ்கூலின் சாவிக்கொத்து தொங்கியது.

மேஜையில் மடிக்கணினி திறந்திருந்தது. இரண்டு படங்கள் ஏற்றப்பட்டிருந்தன. முதல் படத்தில், மரப்பாலத்தில், மாஸ்டர் அவள் தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிக் கிண்டலடிக்கிறார்; அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். இரண்டாவதில் அவள் மட்டும். இரண்டு பெட்டிகள். பல் தெரிய.

படங்களுக்குக் கீழே ஐந்து நட்சத்திரங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக. அதற்குள் ஒரு சின்னக் கோடு, வருவதும் மறைவதுமாக.

அவள் மூடிவைத்தாள். எழுந்து போனாள். திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். அழுதாள். மூடியைத் திறந்தாள். கோடு வந்தது. மறைந்தது. விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்துகொண்டன. எல்லாமே அவர்களே பார்த்துக்கொண்டார்கள் என்று எழுதத் தொடங்கின.

பால்கனியில் பிரம்பு நாற்காலி முனகியது.

அதில் யாரும் இல்லை. நாற்காலிக்கு முன்னால், காய்ந்த சிமென்ட் தரையில், ஈரமாக ஒரு வலது காலின் தடம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அழுந்தி, விரல்களின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. வெளிறியது. மறுபடி அழுந்தியது.